ஆந்தை வீட்டில் இரண்டு பேர்

தென்னாப்பிரிக்காவில் நியூ பெதஸ்தா என்று ஒரு கிராமம். அங்கே ஹெலன் மார்ட்டின்ஸ் என்ற அம்மாள் வாழ்ந்த வீட்டில் ஒரு சாமான் அறை இருக்கிறது. ஜாமும் ஊறுகாயும் இருக்க வேண்டிய தட்டுகளில் வரிசையாகச் சாடிகள். சாடிகளில் அரைத்த கண்ணாடி. காலி பாட்டில்களை உடைத்து, காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷினில் போட்டு அரைத்து, நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறார். சிலது கல்லுப்புப் பருமன், சிலது ரவைப் பதம்.

அந்தத் தூளைத்தான் வீட்டின் சுவரிலும் கூரையிலும் கதவிலும் அப்பியிருக்கிறார். ஜன்னல்களில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நிறக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நிலைக்கண்ணாடி. சூரியன், பிறை, இதயம் என்று வெட்டி மாட்டிய சின்னக் கண்ணாடிகள் வேறு. அவர் காலத்தில் அந்த ஊருக்கு மின்சாரம் கிடையாது. மெழுகுவத்தியும் மண்ணெண்ணெய் விளக்கும்தான். அரைத்த கண்ணாடியில் ஒவ்வொரு துணுக்கும் ஒவ்வொரு கோணத்தில் ஒட்டியிருப்பதால், நாம் ஒரு எட்டு நகர்ந்தால் வேறொரு துணுக்கு மின்னும். ஒரு சுடர் போதும், சுவர் முழுக்க அசையும். இருட்டுக்குப் பயந்த ஒருவர் யோசித்து யோசித்துக் கட்டிய வீடு.

இந்த வீட்டைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து ஆரம்பித்து, தனிமையில் வாடிய ஒரு பெண்ணின் கனவு என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கதையில் ஒரு குறை இருக்கிறது. அதைப் பின்கட்டுக்குப் போனதும் சொல்கிறேன்.

என் தம்பிக்கு ஜோகனஸ்பர்க்கில் வேலை. "இந்த நாட்டுக்கு வர்றவங்க சிங்கம் பாக்கணும், யானை பாக்கணும்பாங்க. நீ சிமெண்ட் பொம்மை பாக்கவாக்கா வந்தே?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே ஓட்டினான். எங்கள் அப்பா கொத்தனார். திருப்பணி நடக்கும் கோயில்களில் கோபுரத்துச் சுதை வேலைக்கும் கூப்பிடுவார்கள், போவார். கம்பி கட்டி, கலவை ஏற்றி, அது இறுகுவதற்குள் ஒரு முகத்துக்கு மூக்கு எழுப்புவது என்ன பாடு என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். சிமெண்ட் பொம்மை என்றால் நான் போகத்தான் செய்வேன்.

கரூ என்று அழைக்கப்படும் வறண்ட மேட்டுநிலத்தில், ஸ்னியூபெர்க் மலைத்தொடரின் மடியில் இருக்கிறது அந்த ஊர். பக்கத்து நகரம் கிராஃப்-ரைனெட், சுமார் 50 கிலோமீட்டர். அங்கேயே பெட்ரோல் போட்டுக்கொள்ள வேண்டும். நியூ பெதஸ்தாவில் பங்க் கிடையாது, தெருவிளக்கும் கிடையாது. டச்சு சீர்திருத்தத் திருச்சபை 1875-ல் உண்டாக்கிய ஊர். நடுவே வெள்ளையடித்த பெரிய தேவாலயம், மண் தெருக்கள், தெருவோரம் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால். நாங்கள் போனது ஜூலையில், அங்கே அது நடுக்குளிர். காலையில் வாய்க்கால் ஓரப் புல்லில் உறைபனி படிந்திருந்தது.

ஹெலன் 1897 டிசம்பரில் இந்த ஊரில்தான் பிறந்தார். கிராஃப்-ரைனெட்டில் ஆசிரியப் பயிற்சி முடித்தார். 1920-ல் ஓர் ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டார், அது நிலைக்கவில்லை. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பிவந்தார். அம்மா 1941-ல் போனார், அப்பா 1945-ல். அப்பாவோடு அவருக்கு ஒத்துப்போனதில்லை. வீட்டின் ஒரு பக்கத்து அறையில் தனியாக இருந்த அப்பா இறந்த பிறகு, அந்த அறையைக் கறுப்படித்து 'சிங்கக் கெபி' என்று பெயர் எழுதி வைத்துவிட்டார் மகள். பைபிள் படித்தவர்களுக்கு, சிங்கக் கெபியில் போடப்பட்ட தானியேல் நினைவுக்கு வரும். அதற்குமேல் அந்த அப்பாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

பிள்ளையில்லை, வேலையில்லை, ஐம்பதை நெருங்கும் வயது. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஒரு ராத்திரி, ஜன்னல் வழியே நிலா வெளிச்சம் விழ, தன் வாழ்க்கை எவ்வளவு மங்கலாகக் கிடக்கிறது என்று தோன்றியதாம். அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம் என்பது அருங்காட்சியகத்தில் சொல்லப்படும் கதை. முதலில் வீட்டுக்குள் வேலை: சுவரை இடித்து ஜன்னலைப் பெரிதாக்குவது, கண்ணாடி பதிப்பது. பிறகு வேலை கொல்லைக்கு நகர்ந்தது.

இனி கொல்லை. 'ஒட்டக முற்றம்' என்று அதற்குப் பெயர். முந்நூறுக்கும் மேற்பட்ட சிமெண்ட் உருவங்கள். இடம் ஒன்றும் பெரிதில்லை. நம் ஊரில் ஒரு சுமாரான வீட்டுமனை என்று சொல்லலாம். அதற்குள் இத்தனை பேரும் நெருக்கியடித்து நிற்பதால், உள்ளே நுழைந்ததும் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது. ஒட்டகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன, சிலவற்றின் மேல் ஆட்கள். அங்கி போட்ட ஞானிகள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கடற்கன்னி, மயில், மனிதத் தலையும் சிங்க உடலுமாக ஸ்ஃபிங்ஸ், இடுப்பளவு பிரமிடு, குட்டித் தேவாலயம். பாட்டில்களையே அடுக்கி அடுக்கிப் பாவாடையாக்கிக் கட்டிய பெண்கள், விருந்தாளியை வரவேற்கும் தோரணையில். கம்பத்தின் மேலும் வாசல் வளைவிலும் எங்கு பார்த்தாலும் ஆந்தை. அவற்றில் சிலவற்றுக்குக் கண், காரின் முன்விளக்குக் கண்ணாடி. இதனால்தான் வீட்டுக்கே 'ஆந்தை வீடு' என்று பெயர் வந்தது.

இவை எங்கிருந்து வந்தன? பைபிள் கதைகள், உமர் கய்யாமின் ருபாயத், வில்லியம் பிளேக்கின் கவிதைகளும் படங்களும், தபால் அட்டைப் படங்கள். ஹெலன் பாலைவனத்தையோ மெக்காவையோ பிரமிடையோ நேரில் கண்டவரல்ல. படித்ததும் படத்தில் பார்த்ததும் ஒன்றுகலந்து அவருக்கென்று ஒரு கிழக்கு உண்டாகிவிட்டது. குழந்தை இயேசுவைத் தேடிப் பெத்லகேமுக்குப் போன சாஸ்திரிகளும் மெக்காவின் யாத்ரீகர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், அவர்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை. இந்தக் கூட்டம் போய்க்கொண்டிருப்பது கிழக்கு நோக்கி. நான் அதைச் சற்று நேரம் யோசித்தேன். பைபிளில் சாஸ்திரிகள் கிழக்கிலிருந்து வருகிறவர்கள். இந்த அம்மாளின் கொல்லையில் அவர்கள் திரும்பிப் போகிறார்கள். வேலிக் கம்பியை வளைத்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது: இது என் உலகம்.

கொத்தனார் மகளின் கண்ணுக்குப் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டகம் செய்வது லேசில்லை. இவ்வளவு கனமான உடம்பை நான்கு மெல்லிய காலில் நிறுத்த வேண்டும். காலுக்குள் கம்பி ஓடாவிட்டால் கலவையின் கனத்துக்கே முறிந்து விழும். இங்கே உள்ளே கம்பிக் கூடு, அதன்மேல் வலை, அதன்மேல் கலவை, மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே பதித்த கண்ணாடி. அளவுகள் பல இடத்தில் தப்பு: கைகள் நீளம், கழுத்து முரடு. ஆனால் முகங்களைப் பாருங்கள். இரண்டு கட்டைவிரல் அழுத்தத்தில் கண்குழி, ஒரு கிள்ளில் மூக்கு, அவ்வளவுதான். அதற்குள்ளேயே ஒன்றின் முகம் இன்னொன்றுக்கு இல்லை. குட்டித் தேவாலயங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவை வெறும் மாதிரி. அந்த ஞானிகளுக்காக மட்டும் மறுபடி ஒருமுறை போகலாம்.

சரி, அந்தக் கட்டைவிரல் யாருடையது? நான் சொன்ன குறை இதுதான். ஹெலன் மிக மெலிந்த, குள்ளமான பெண். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கலவை குழைத்து, கம்பி வளைத்து, ஆளுயர ஒட்டகம் எழுப்பியது அவரா? இல்லை. முதலில் ஜோனாஸ் ஆடம்ஸ், பீட் வான் டெர் மெர்வே என்ற இருவர் அவருக்கு வேலை செய்தார்கள். 1964-லிருந்து ஹெலன் சாகும்வரை பன்னிரண்டு ஆண்டு கூடவே இருந்து இந்த முற்றத்தின் பெரும்பகுதியைச் செய்தவர் கூஸ் மல்காஸ். செம்மறி ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பதும் கிடைத்த கட்டட வேலையும் அவர் பிழைப்பு. சிற்பம் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

ஹெலன் ஒரு படத்தைக் காட்டுவார், அல்லது மனசில் இருப்பதை வாயால் சொல்வார். மல்காஸ் அதைக் கம்பியிலும் கலவையிலும் யோசிப்பார். கண்ணாடி எங்கே, எந்த நிறம் என்பது அந்த அம்மாளின் பாடு. கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒருவர் வரைந்து தருவதற்கும் அது நிற்பதற்கும் நடுவே ஆயிரம் முடிவுகள் இருக்கின்றன. கம்பி எங்கே வளைய வேண்டும், கனம் எங்கே இறங்க வேண்டும், கலவை எப்போது கைக்குப் பதமாகிறது. அந்த முடிவுகளை எடுத்தவரையும் சிற்பி என்றுதான் சொல்ல வேண்டும். 'உதவியாளர்' என்ற சொல்லைச் சுற்றுலாப் புத்தகங்களில் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அப்பா பூசிய கோபுரங்களின் கல்வெட்டில் உபயதாரர் பெயர்கள் இருக்கின்றன, அதனாலும் இருக்கலாம்.

காலத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். மல்காஸை அந்த நாட்டுச் சட்டம் 'கலர்ட்' என்று வகைப்படுத்தியிருந்தது, அதாவது கலப்பினத்தவர். 1950-ன் இரண்டு சட்டங்கள், ஒன்று ஒவ்வொரு மனிதனுக்கும் ஓர் இன முத்திரை குத்தியது, மற்றது எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று கோடு போட்டது. நியூ பெதஸ்தாவில் வெள்ளைக்காரர்கள் குடியிருந்தது ஊருக்குள். மற்றவர்களுக்குப் பீனார்சிக் என்ற தனிக் குடியிருப்பு. மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட அதே 1964-ல்தான் மல்காஸ் அந்தக் கொல்லைக்குள் வந்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் கலர்ட் ஆளும் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே முற்றத்தில் சேர்ந்து வேலை செய்வது, சேர்ந்து தேநீர் குடிப்பது அந்த ஊர் சகிக்கிற காரியமா? கோயிலுக்கு வராத, யாரோடும் பழகாத, கொல்லையில் பொம்மை நிறுத்துகிற கிழவி என்று ஏற்கெனவே அவரைக் கண்டால் பிள்ளைகள் ஓடுவார்களாம். இப்போது பேச இன்னொரு விஷயம் கிடைத்தது.

இதை ஒரு பெரிய நட்புக் காவியமாக்கவும் எனக்கு இஷ்டமில்லை. கூலி கொடுத்தவர் ஒருவர், கூலி வாங்கியவர் ஒருவர். ஹெலனுக்கும் வசதி இல்லை. கைக்கு வந்த கொஞ்சப் பணத்தில் சிமெண்டும் மெழுகுவத்தியும் வாங்கிவிட்டுத் தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டவர். ஆனாலும் மாலையில் அவர் எந்தப் பக்கம் இருந்தார், மல்காஸ் எந்தப் பக்கம் போனார் என்பதைச் சட்டம் தீர்மானித்தது.

கடைசி ஆண்டுகளில் ஹெலனின் கண் மங்கத் தொடங்கியது. இத்தனை ஆண்டு கண்ணாடித் தூளோடு புழங்கியதன் விளைவு என்கிறார்கள். வெளிச்சத்துக்காகவே வாழ்ந்தவருக்கு அது தாங்கவில்லை. 1976 ஆகஸ்டில், 78-வது வயதில் தன் முடிவைத் தானே தேடிக்கொண்டார். ஜோகனஸ்பர்க்கை ஒட்டிய சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் நிறவெறி அரசை எதிர்த்துத் தெருவுக்கு வந்து சுடப்பட்டு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வீட்டையும் முற்றத்தையும் அருங்காட்சியகமாகக் காக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

பெயர் உலகத்துக்குப் பரவியது நாடகத்தால். தென்னாப்பிரிக்காவின் பெரிய நாடக ஆசிரியர் ஏதோல் ஃபூகார்ட் இந்த ஊரில் ஒரு வீடு வாங்கியவர். ஹெலனின் வாழ்க்கையைத் தொட்டு அவர் எழுதிய 'மெக்காவுக்குப் போகும் பாதை' 1984-ல் மேடையேறியது. 1991-ல் படமாகவும் வந்தது. நல்ல நாடகம். ஆனால் மேடைக்கு வருபவர்கள் மூன்றே பேர்: ஹெலன், அவரைப் பார்க்க வரும் இளம் ஆசிரியை, ஊர்ப் பாதிரியார். மல்காஸ் கிடையாது. ஃபூகார்டை இனவெறியர் என்று யாரும் சொல்ல முடியாது; நிறவெறிக்கு எதிராக எழுதி அரசாங்கத்திடம் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர் அவர். நாடகத்துக்குத் தனியாளாக நிற்கும் கலைஞர் தேவைப்பட்டார், எடுத்துக்கொண்டார். அதில் தவறில்லை. நாடகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முற்றத்திலும் அந்தத் தனியாளையே தேடுகிறார்கள், அதுதான் தொந்தரவு.

இப்படிப் படிக்காத கை கட்டிய இடங்கள் உலகத்தில் இன்னும் உண்டு. பிரான்சில் ஃபெர்டினான் ஷெவால் என்ற தபால்காரர் வழியில் பொறுக்கிய கற்களைக் கொண்டு 1879 முதல் 33 ஆண்டு ஒரு மாளிகை கட்டினார். சண்டிகரில் நேக் சந்த், சாலை ஆய்வாளராக இருந்துகொண்டே, உடைந்த வளையலையும் பீங்கானையும் வைத்து ரகசியமாக ஒரு ராஜ்ஜியத்தையே எழுப்பி, 1976-ல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதே 1976. பயிற்சி இல்லை, வீசி எறிந்த பொருள், சொந்தப் பிடிவாதம் என்று இவர்களுக்குள் ஒற்றுமை நிறைய. ஆனால் ஷெவாலின் கல்லை ஷெவால்தான் சுமந்தார். ஆந்தை வீட்டுக் கணக்கு வேறு.

சிமெண்ட் என்றால் நிரந்தரம் என்று நினைப்போம். அப்படியில்லை. கரூவில் பகலில் வெயில் காயும், குளிர்கால ராத்திரியில் தண்ணீர் உறையும். பூச்சில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், ஈரம் உள்ளே போய்க் கம்பியைத் தொடும். துரு ஏறிய கம்பி பருக்கும். பருத்தால் சிமெண்டை உள்ளிருந்தே பிளக்கும். விரிசலில் தங்கிய தண்ணீர் உறைந்து விரியும்போது மிச்ச வேலையும் முடிந்துவிடும். ஹெலன் போன பிறகு வீடு கவனிப்பாரற்றுக் கிடந்த ஆண்டுகளில் பல உருவங்களுக்குக் கை போனது, சிலவற்றுக்குத் தலை. 1989-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். சரி, யாரை வைத்துச் செப்பனிடுவது? எந்த ஒட்டகத்துக்குள் எந்தக் கம்பி எப்படி ஓடுகிறது என்று ஒரே ஆளுக்குத்தான் தெரியும். ஊரைவிட்டு வேறிடம் போய்விட்டிருந்த மல்காஸை 1991-ல் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார். முதல்முறை செய்தபோது சொல்லிக்கொடுக்க ஹெலன் இருந்தார். இந்தமுறை அவரே பார்த்துச் செய்தார்.

2000-ல் மல்காஸ் காலமானார். அவர் பேத்தி ஜூலியா மல்காஸ் தாத்தாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பிலேயே 'ஆந்தை வீட்டின் சிற்பி' என்று போட்டுவிட்டார். அந்தப் புத்தகம் வந்த பிறகு மல்காஸின் பெயரைச் சொல்லாமல் ஆந்தை வீட்டைப் பற்றி எழுதுவது கொஞ்சம் கஷ்டம்.

வெளியே வந்தால் எதிர்ப்பக்கத் தெருவோரத்தில் சிமெண்ட் ஆந்தைகளை வரிசையாக வைத்து விற்கிறார்கள். உள்ளூர்ப் பையன்கள் செய்தது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஆணியால் இரண்டு எழுத்துக் கீறியிருந்தது. கண்ணுக்குப் பச்சை பாட்டில் துண்டு.

"கலவை எத்தனைக்கு ஒண்ணுன்னு கேளுடா" என்றேன்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, விலையக் கேக்கச் சொல்லு. கலவையெல்லாம் எதுக்கு?" என்றவன், கேட்டும் சொன்னான். மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமெண்டாம்; சின்ன வேலைக்கு அதுவே போதும். ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரமாவது தண்ணி காட்டினால் இன்னும் இறுகுமே என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொன்னேன். விற்ற பையன் சிரித்துவிட்டு, மலையைக் கை காட்டினான். இந்த மாதத்தில் ஈரத்தோடு வெளியே விட்டால் ராத்திரி உறைந்து, விடியும்போது ஆந்தை இரண்டாகிவிடும். குளிர்காலத்தில் புதுப் பொம்மைகளுக்கு இடம் அவன் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில்தானாம். அவன் அம்மா தினமும் திட்டுகிறாளாம்.

பேரம் பேசாமல் வாங்கினேன். இரண்டு கிலோ இருக்கும் என்று கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, விமானத்துக்கு எதை எடுத்துக் கீழே வைப்பது என்று தம்பி என் பெட்டியைப் பற்றிக் கணக்குப் போட ஆரம்பித்தான்.